பாட்டியும் பேரனும் நடந்தே கடலுக்குப் போகிற ஊர்

கேள்வி இதுதான்: கோவையிலிருந்து ஐந்து பேர். கணவன், மனைவி, 10 வயது மகள், 4 வயது மகன், 67 வயது அம்மா. மத்தியதரைக் கடலோரத்தில் ஒரு வாரம் தங்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி; சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. பிள்ளைகளுக்குக் கடலில் ஆட வேண்டும். கிரீஸின் சாந்தோரினித் தீவு, இத்தாலியின் அமால்ஃபி கரை, பிரான்ஸின் நீஸ் நகரம் மூன்றையும் குறித்து வைத்திருக்கிறீர்கள். மூன்றையும் ஒரே பயணத்தில் அடக்க முடியுமா, எந்த மாதம் நல்லது, எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றும் வேண்டாம் என்பதுதான் என் முதல் பதில். அழகில் எதற்கும் குறையில்லை. உங்கள் வீட்டில் இருக்கிற இரண்டு பேருக்கு அந்த ஊர்கள் ஒத்துவராது. சாந்தோரினியில் படங்களில் பார்க்கிற வெள்ளை வீடுகள் எல்லாம் செங்குத்துப் பாறையின் உச்சியில் இருக்கின்றன, கடல் அதலபாதாளத்தில் கிடக்கிறது. தீவின் முக்கிய ஊரான ஃபிராவிலிருந்து பழைய துறைமுகத்துக்கு இறங்க ஏறக்குறைய 600 படிகள். அமால்ஃபி கரையில் பொசித்தானோ போன்ற ஊர்களில் தெருவே படிக்கட்டுதான், கீழே போனால் மணலுக்குப் பதில் கூழாங்கல். நீஸ் நகரில் கடற்கரைச் சாலை சமதளம், அம்மா ஜம்மென்று நடக்கலாம். ஆனால் கரை முழுக்கக் கல், நாலு எட்டு வைத்தால் ஆழம். 4 வயதுப் பையனை அங்கே தண்ணீரில் விட்டால் நீங்கள் ஒரு நிமிடம் உட்கார முடியாது. அப்புறம், ஒரு வாரத்தில் மூன்று ஊர் என்றால் அதில் மூன்று நாள் பெட்டி கட்டுவதிலும் விமான நிலைய வரிசையிலுமே போய்விடும்.

நான் இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கிற பலெர்மோவில் 11 வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து சொந்தக்காரர்களோ நண்பர்களோ குடும்பத்தோடு வந்தால், ஊரைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: வீட்டிலேயே வயதானவரும் சின்னவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, வேறு யார் துணையும் இல்லாமல், தங்கும் வீட்டிலிருந்து கடல் வரை நடந்து போக முடியுமா? ஆமாம் என்றால் அந்த விடுமுறை எல்லாருக்கும் விடுமுறை. இல்லையென்றால் யாராவது ஒருவர் தூக்கிக்கொண்டோ, காத்துக்கொண்டோ, கவலைப்பட்டுக்கொண்டோதான் இருப்பார். அது பெரும்பாலும் அந்த வீட்டுப் பிள்ளைகளின் அம்மாவாக இருக்கும்.

இந்தக் கேள்விக்கு நான் பார்த்தவரை நன்றாகத் தேறுகிற ஊர் செஃபலூ. ஸ்டேஷன் அறிவிப்பில் "ச்செஃபலூ" என்று கடைசி எழுத்தில் அழுத்துவார்கள். சிசிலித் தீவின் வடகரையில், பலெர்மோவுக்குக் கிழக்கே சுமார் 70 கிலோமீட்டர். மக்கள்தொகை 14,000 அளவில் இருக்கும் சிறிய ஊர். ஒரு பக்கம் 270 மீட்டர் உயரத்துக்கு மொட்டையாக நிற்கிற பாறை, அதன் காலடியில் பழைய ஊர், அங்கிருந்து மேற்கே ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுக்கு மெல்லிய மணல் கரை. ரயில் நிலையத்திலிருந்து கடலுக்குப் பத்து நிமிட நடை. தண்ணீர் நிறைய தூரத்துக்கு இடுப்பளவைத் தாண்டாது. மத்தியதரைக் கடலில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு என்பதால் காலையில் விரித்த துண்டு மாலையிலும் அதே இடத்தில் உலர்ந்து கிடக்கும். மெரினாவின் அலையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு முதலில் இது குளம் மாதிரி தெரியும். வடமேற்குக் காற்று அடிக்கிற நாள்களில் மட்டும் கதையே வேறு. அப்போது சிவப்புக் கொடி ஏற்றுவார்கள், அன்றைக்குக் கடலைத் தொட வேண்டாம்.

எந்த மாதம்? இதில்தான் நம் ஊர் ஆள்கள் தடுமாறுகிறார்கள். பிள்ளைகளுக்கு ஏப்ரல், மே விடுமுறை. அதனால் அப்போதே கிளம்பிவிடுகிறார்கள். ஏப்ரலில் வெயில் இதமாக இருக்கும், ஆனால் கடல் 15, 16 டிகிரியில் நிற்கும். கால் நனைத்ததும் மகள் கத்திக்கொண்டு ஓடி வந்துவிடுவாள். மே கடைசியில் 19, 20க்கு வரும், பிள்ளைகள் சமாளிப்பார்கள். கடல் சூடாவதற்கும் நாள் எடுக்கும், ஆறுவதற்கும் நாள் எடுக்கும். நிலம் குளிர ஆரம்பித்த பிறகும் கடல் கோடையின் சூட்டை வைத்திருக்கும். அதனால் நான் சொல்வது காலாண்டுத் தேர்வு விடுமுறை. செப்டம்பர் கடைசியில் தண்ணீர் 24, 25 டிகிரி. ஆகஸ்டில் துண்டு விரிக்க இடமில்லாத கரையில் அப்போது பாதி காலியாக இருக்கும், வீட்டு வாடகையும் இறங்கியிருக்கும். இடையில் ஒரு நாள் இடி மழை வரலாம், வந்தாலும் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வெளுத்துவிடும். அக்டோபர் பிறந்ததும் பல லீடோக்கள், அதாவது கட்டணக் கரைகள், குடைகளைக் கழற்ற ஆரம்பித்துவிடும். அதற்குள் முடித்துக்கொள்வது போல நாள் பாருங்கள்.

ஆகஸ்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள். 15ஆம் தேதி ஃபெர்ரகோஸ்தோ என்று இத்தாலி முழுக்க விடுமுறை. அதற்கு முன்னும் பின்னும் இரண்டு வாரம் நாடே கடற்கரையில்தான் இருக்கும், விலையும் உச்சத்தில் நிற்கும். வெயில் 35ஐத் தாண்டுகிற நாள்களும் உண்டு. அந்த மாதத்தில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, ஊர்க்காவலர் சான் சல்வாத்தோரே திருவிழா. ஆகஸ்ட் 6 அன்று கடலுக்கு மேலே கிடையாக ஒரு மரத்தை நீட்டி, அதில் வழவழவென்று எண்ணெய்ப் பசையைப் பூசிவிடுவார்கள். இளைஞர்கள் ஒருவர் பின் ஒருவராக அதில் ஓடி நுனியில் இருக்கிற கொடியைப் பிடுங்க வேண்டும். வழுக்கி வழுக்கிக் கடலில் விழுவார்கள், கரையே ஆர்ப்பரிக்கும். நம் வழுக்கு மரத்தைப் படுக்க வைத்தது போலிருக்கும்.

விசா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். முழுக்க இத்தாலியில் தங்குவதால் இத்தாலிக்கே விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12க்குள் 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 12 வயது ஆகாத பிள்ளைகளுக்குக் கைரேகை எடுக்க மாட்டார்கள், ஆனால் பிறப்புச் சான்றிதழும் பள்ளியிலிருந்து விடுப்புக் கடிதமும் வேண்டும். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அம்மாவின் பாலிசியை மட்டும் வரி வரியாகப் படியுங்கள், ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்குப் பொருந்துமா என்பது அதில்தான் இருக்கும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். செப்டம்பர் கடைசிப் பயணத்துக்கு மே, ஜூனிலேயே நேரம் பதிவு செய்துவிடுங்கள். கோடை நெரிசலில் நேரம் கிடைப்பதுதான் கஷ்டம்.

போகிற வழி. கொச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ வளைகுடா வழியாக ரோம். ரோமில் ஒரு இரவு தங்கிவிடுங்கள். அம்மாவுக்குக் கால் வீக்கம் இறங்க வேண்டும், சின்னவனுக்குத் தூக்கம் ஒழுங்குக்கு வர வேண்டும். அங்கிருந்து பலெர்மோவுக்கு ஒரு மணி நேர விமானம் இருக்கிறது. ஆனால் போகும்போது இரவு ரயிலில் போகச் சொல்லுவேன். ரோமில் இரவு ஏறினால் விடிகிற வேளையில் தீபகற்பத்தின் கால் நுனிக்கு வந்துவிடும். அங்கே வில்லா சான் ஜொவான்னியில் ரயிலைத் துண்டு துண்டாகப் பிரித்து, தண்டவாளத்தோடு இருக்கிற கப்பலின் வயிற்றுக்குள் தள்ளுவார்கள். பெட்டிகள் ஒன்றோடொன்று மோதிக் கொக்கி விழும் சத்தம், பிறகு இரும்புக் கதவு மூடும் சத்தம். பிள்ளைகளை எழுப்பி மேல்தளத்துக்குக் கூட்டிப் போங்கள். மெஸ்ஸீனா நீரிணை குறுகிய இடத்தில் மூன்று கிலோமீட்டர்தான், இரண்டு கரையின் விளக்குகளும் தெரியும். மறு கரையில் பெட்டிகளைக் கோத்து, சிசிலியின் வடகரையோரமாகவே ஓடுவார்கள். பாதி வழி ஜன்னலில் கடல்தான். செஃபலூவில் நின்று பலெர்மோ போகிற வண்டியாகப் பார்த்து எடுங்கள். அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை கேட்டு வாங்குங்கள். மேல் படுக்கைக்கு ஏணி ஏற வேண்டும்.

கார் வாடகைக்கு எடுக்க வேண்டாம். முதல் கோடையில் நான் எடுத்தேன். வேறொரு ஊரின் பழைய தெருவில் வழி தவறி நுழைந்து வெளியே வந்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்தேன். பல மாதம் கழித்து அபராதக் கடிதம் வந்தது. இத்தாலிய ஊர்களின் நடுப்பகுதியில் வெளியார் வண்டி நுழையக் கூடாத எல்லை இருக்கும். வாசலில் ஒரு பலகையும் கேமராவும் மட்டும்தான், தடுத்து நிறுத்த ஆள் இருக்காது. செஃபலூவில் ஒரு வாரத்துக்குக் கால்களும் ரயிலும் போதும்.

ரயில் டிக்கெட்டில் ஒரு விஷயம். காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கிற சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை வாங்க வேண்டும். போனில் எடுத்தது என்றால் அதிலேயே செக்-இன் அழுத்த வேண்டும். மறந்தால் டிக்கெட் கையில் இருந்தாலும் அபராதம். ஐந்து பேருக்கு ஐந்து முத்திரை. அந்த வேலையை மகளிடம் கொடுத்துவிடுங்கள், அவள் மறக்க மாட்டாள்.

தங்குமிடம். எல்லாரும் பழைய ஊருக்குள் தங்கத்தான் ஆசைப்படுவார்கள், எனக்கும் அந்தச் சந்துகள் உயிர். ஆனால் அங்கே பெரும்பாலான வீடுகளில் லிஃப்ட் கிடையாது, மாடிப்படி குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும், தெரு முழுக்கக் கல் பாவியிருக்கும். முழங்கால் வலிக்கு அது ஆகாது. கடற்கரைச் சாலையான லுங்கோமாரேயை ஒட்டிய புதிய பகுதியில், சமையலறையோடு இரண்டு படுக்கையறை வீடு எடுங்கள். விளம்பரத்தில் இரண்டு சொற்களைத் தேடுங்கள்: "அஷென்சோரே" என்றால் லிஃப்ட், "பியானோ தெர்ரா" என்றால் தரைத்தளம். கூடவே எந்த வாடகை வீட்டுக்கும் தேசிய அடையாள எண் இருக்க வேண்டும் என்று இப்போது சட்டம். அந்த எண் இல்லாத விளம்பரத்துக்குப் பணம் கட்டாதீர்கள். தங்கும் வரி என்று ஆளுக்கு இரவுக்குச் சில யூரோ தனியாகக் கேட்பார்கள், பெரும்பாலும் ரொக்கமாக. அது முறையான வரிதான்.

கரையில் இரண்டு வகை இடம் உண்டு. லீடோ என்பது கட்டணக் கரை. ஒரு பெரிய குடை, இரண்டு சாய்வுப் படுக்கை, குளிக்க நல்ல தண்ணீர், கழிப்பறை, உயிர்காப்பாளர். செப்டம்பரில் ஒரு நாளைக்கு 20, 30 யூரோ ஆகும். கடலை ஒட்டிய முதல் வரிசைக்குக் கூடுதல். இலவசக் கரையில் சொந்தக் குடையை நட்டுக்கொள்ளலாம். பணத்தை வேறு எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள், லீடோவில் வேண்டாம். அம்மாவுக்குச் சாய்ந்து உட்கார ஒரு இருக்கையும் பக்கத்தில் ஒரு கழிப்பறையும் இருந்தால் அவர் மணிக்கணக்கில் நிம்மதியாக இருப்பார். இல்லையென்றால் "நான் வீட்டிலேயே இருக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க" என்று இரண்டாம் நாளே ஆரம்பித்துவிடுவார். புடவையோடோ சுடிதாரோடோ முழங்கால் தண்ணீரில் நிற்க அவர் கூச்சப்படத் தேவையில்லை. இங்கத்திப் பாட்டிகளும் மாலையில் நாற்காலியைத் தண்ணீருக்குள்ளேயே போட்டு, காலை நனைத்துக்கொண்டு கதை பேசுவார்கள்.

எப்போதாவது ஊதா நிற ஜெல்லிமீன்கள் கரைக்கு வரும். பட்டால் சுரீரென்று எரியும். கடல் நீரால் கழுவுங்கள், நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். பிறகு பச்சைச் சிலுவை போட்ட மருந்துக் கடையில் காட்டினால் களிம்பு கொடுப்பார்கள். பெரிதாக ஏதாவது என்றால் 112. ஊரிலேயே முழு அளவிலான மருத்துவமனை இருக்கிறது. அம்மாவை மனதில் வைத்து நான் இந்த ஊரைச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி சாப்பாடு. சிசிலியைப் போல நம் நாக்குக்கு நெருக்கமான இடம் ஐரோப்பாவில் எனக்குத் தெரிந்து இல்லை. கத்தரிக்காய், கொண்டைக்கடலை, தக்காளி, எலுமிச்சை, சோம்பு வாசம் வீசுகிற காட்டுப் பெருஞ்சீரகம் எல்லாம் அன்றாடம் புழங்குகிறவை. பனெல்லே என்று ஒன்று இருக்கிறது. கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்பும் பார்ஸ்லியும் சேர்த்துக் களி பதத்துக்குக் கிண்டுவார்கள். ஆறியதும் மெல்லிய வில்லையாக வெட்டி எண்ணெயில் போடுவார்கள். விளிம்பு மட்டும் முறுகி, நடுவில் பஞ்சு மாதிரி வரும். அதை எள் தூவிய பன்னுக்குள் அடுக்கி எலுமிச்சை பிழிந்து கொடுப்பார்கள். என் அம்மா முதல் வாய் கடித்ததும் "பஜ்ஜியில காயை விட்டுட்டாங்க" என்றார். இரண்டாவது பன்னையும் முழுதாகச் சாப்பிட்டார். ஒரே எண்ணெயில் மீனும் பொரிக்கிறார்களா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

கப்போனாத்தா, கத்தரிக்காயைப் புளிப்பும் இனிப்புமாக வதக்கியது. நம் கத்தரிக்காய்த் தொக்குக்கு ஒன்றுவிட்ட அக்கா. பாஸ்தா அல்லா நோர்மா என்றால் தக்காளி, பொரித்த கத்தரிக்காய், மேலே உப்பு போட்ட ரிக்கோத்தா பாலாடைக்கட்டித் துருவல். காலையில் கிரானீத்தா. பாதாம் அல்லது எலுமிச்சைச் சாற்றில் செய்த, பனிக்கட்டித் துகள் மாதிரியான ஒன்று, கூடவே உருண்டை ப்ரியோஷ் ரொட்டி. பிள்ளைகள் காலை உணவுக்கு ஐஸ் தருகிற ஊரை வாழ்நாளில் மறக்க மாட்டார்கள். ப்ரியோஷில் முட்டை உண்டு, அம்மாவுக்குக் கிரானீத்தா மட்டும் போதும்.

சைவத்தில் தடுக்கி விழுகிற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். அரன்சீனா என்கிற சோற்று உருண்டையில் "வெண்ணெய்" வகை என்று எழுதியிருப்பதைச் சைவம் என்று நம்பி வாங்காதீர்கள். அதற்குள் பெரும்பாலும் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். கீரை வைத்த வகையைக் கேளுங்கள். ஸ்ஃபின்ச்சோனே என்கிற தடித்த பீட்ஸாவில் நெத்திலி சேர்ப்பது வழக்கம். கன்னோலி என்கிற குழல் இனிப்பின் ஓட்டு மாவில் பழைய முறைப்படி பன்றிக் கொழுப்பு சேரும். புது பாஸ்தாவில் முட்டை இருக்கும். சிசிலியில் அதிகம் புழங்கும் உலர் பாஸ்தா வெறும் கோதுமைதான். "செந்த்ஸா கார்னே, செந்த்ஸா பெஷே, செந்த்ஸா உவோவா" என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்: இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல், முட்டை இல்லாமல். சொன்னால் முகம் சுளிக்க மாட்டார்கள், உள்ளே போய்ச் சமையல்காரரையே கூட்டி வருவார்கள்.

நேரம்தான் பிரச்சினை. மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை பல கடைகள் சாத்தியிருக்கும், இரவு உணவகங்கள் ஏழரைக்கு முன் அடுப்பே பற்றவைக்க மாட்டார்கள். சின்னவனுக்கு ஆறரைக்கே பசிக்கும். வீட்டில் ஒரு வேளை சோறு பொங்குவதுதான் எல்லாருக்கும் நல்லது. மின்சாரம் நம் ஊர் போலவே 230 வோல்ட் என்பதால் சின்ன ரைஸ் குக்கரைக் கொண்டுவரலாம், பிளக் மாற்றி மட்டும் வேண்டும். பருப்புப் பொடி, ரசப்பொடி, ஊறுகாய், அப்பளம் வரலாம். நெய், பால்கோவா, மைசூர்பாகு வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரத் தடை இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் அதே கதி, சான்றிதழ் இல்லாமல் விட மாட்டார்கள். தேங்காய் கொண்டுவரலாம்! தயிருக்குக் கடையில் "யோகுர்த் பியான்கோ" கேளுங்கள், சீனி போடாததா என்று பார்த்து வாங்குங்கள்.

பார்க்க வேண்டியவை என்று பட்டியல் போட மாட்டேன். ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் காலை பத்துக்குள் அல்லது மாலை ஐந்துக்கு மேல். மூன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

முதலாவது, விட்டோரியோ எமானுவேலே தெருவில் இருக்கிற பழைய துவைதுறை. தெருவில் நடந்துகொண்டே இருக்கும்போது இடது வலது பாராமல் போனால் தவறிவிடும். எரிமலைக் கல்லில் செதுக்கிய அகலமான படிகள் வளைந்து கீழே இறங்கும். கைபிடித்து இறங்கினால் அம்மாவால் முடியும், சில படிகள்தான். கீழே வரிசையாகக் கல் தொட்டிகள், சுவரில் சிங்க முகங்கள், அவற்றின் வாயிலிருந்து மலைத் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். அது செஃபலீனோ என்கிற நிலத்தடி ஓடை. வெள்ளியைவிடத் தூயது, பனியைவிடக் குளிர்ந்தது என்று அங்கே கல்லில் பொறித்திருக்கிறார்கள். என் அம்மா குனிந்து சாய்வான கல்லில் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னும் தேய்த்துப் பார்த்தார். தலைமுறை தலைமுறையாகத் துணி தேய்த்துக் கல் வழவழவென்று ஆகியிருந்தது. "இந்த இடத்துல நின்னவளுக்கு இடுப்பு எப்படி வலிச்சிருக்கும்" என்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் ஓடுகிற ஓரத்தில் காலை வைத்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்தப் பயணத்தில் அவர் தானாகக் கேட்டு இரண்டாம் முறை போன இடம் அது மட்டும்தான்.

இரண்டாவது, பேராலயம். நார்மன் அரசர் இரண்டாம் ரோஜர் 1131இல் கட்டத் தொடங்கியது. புயலில் தப்பிக் கரை சேர்ந்ததற்கு நேர்ந்துகொண்டு கட்டினார் என்று ஊரில் கதை சொல்வார்கள். கருவறை வளைவில் 1148ஆம் ஆண்டு தேதியிட்ட பொன் மொசைக், பைசாந்தியக் கலைஞர்கள் செய்தது. கிறிஸ்துவின் கையில் விரித்த புத்தகம், ஒரு பக்கம் கிரேக்கம், மறு பக்கம் லத்தீன். நார்மன் அரசர், கிரேக்கக் கைவினை, அரபு நாட்டு வளைவுகள் எல்லாம் ஒரே கூரையில். அதனால்தான் பலெர்மோ, மொன்ரெயாலே கட்டடங்களோடு சேர்த்து இதையும் 2015இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ரோஜர் இங்கேயே அடக்கமாக ஆசைப்பட்டு அதற்கான கல்பேழைகளையும் வைத்தார். பின்னால் வந்த பேரன் இரண்டாம் ஃபிரெடரிக் அவற்றைப் பலெர்மோவுக்கு எடுத்துப் போய்விட்டார். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், கடற்கரையிலிருந்து நேரே வராதீர்கள்.

மூன்றாவது பாறை, லா ரொக்கா. அம்மாவும் சின்னவனும் கரையில் இருக்கட்டும். அப்பாவும் மகளும் மட்டும் காலை எட்டு மணிக்கே ஏறிவிடட்டும். பாதி வழியில் தயானா கோயில் என்று சொல்கிற, பெரிய பெரிய கற்களை அடுக்கிய மிகப் பழைய கட்டடம் இருக்கிறது. அதுவரைக்கும் போனாலே போதும். கீழே ஊரின் ஓட்டுக் கூரைகளும் ஆலயத்தின் இரண்டு கோபுரங்களும் கைக்கெட்டுவது போலத் தெரியும். பாறை மேல் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது, நல்ல பிடிமானமுள்ள ஷூ அவசியம். மழை பெய்தால் மூடிவிடுவார்கள்.

மழை வந்தால் மந்த்ராலிஸ்கா அருங்காட்சியகம். அந்தோனெல்லோ தா மெஸ்ஸீனா வரைந்த ஒரு மனிதரின் முகம் இருக்கிறது, உங்களைப் பார்த்து எதையோ தெரிந்துகொண்ட மாதிரி லேசாகச் சிரிக்கும். பக்கத்திலேயே 2,300 ஆண்டுக்கு மேல் பழமையான ஒரு பானை. அதில் சூரை மீனை வெட்டி விற்கிறவரும் எதிரே வாங்க வந்தவரும். பேரம் படிந்ததா இல்லையா என்று பிள்ளைகளைக் கேளுங்கள்.

ஒரே ஒரு நாள் பலெர்மோவுக்கு வாருங்கள், ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். நெரிசலான பலாரோ சந்தையை அம்மாவுக்குக் கட்டாயப்படுத்த வேண்டாம். அவரை மொந்தே பெல்லெக்ரீனோ மலைக்குக் கூட்டிப் போங்கள், மேலே வரை வண்டி போகும், கடைசியில் கொஞ்சம் படி. குகைக்குள் சாந்த்தா ரொசாலியாவின் திருத்தலம். 1624இல் கொள்ளைநோய் வந்தபோது நகரத்தைக் காத்தவர் என்று பலெர்மோ அவரைக் கொண்டாடுகிறது. போர்க் காலத்தில் இலங்கையிலிருந்து வந்து இங்கே வாழ்கிற தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் கிறிஸ்தவர்களும் சைவர்களும் சேர்ந்தே இந்தக் குகைக்கு வருகிறார்கள், நேர்ந்துகொள்கிறார்கள். பாறையில் நீர் சொட்டுகிற அந்த இருட்டில் முன்னால் நிற்கிறவர் "அம்மா தாயே" என்று முணுமுணுப்பது காதில் விழும்போது, கோவையிலிருந்து வந்த உங்கள் அம்மா சட்டென்று திரும்பிப் பார்ப்பார். என் அம்மா அங்கே பார்த்த யாழ்ப்பாணத்து அக்காவோடு இன்றைக்கும் போனில் பேசுகிறார்.

பணம். ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்து மனக்கணக்குப் போடுங்கள், கொஞ்சம் கூடவே வரும். செப்டம்பர் கடைசியில் சமையலறையோடு வீடு ஒரு இரவுக்கு 100, 120 யூரோ அளவில் பிடிக்கலாம். ஒரு வேளை வீட்டுச் சமையல், ஒரு வேளை வெளியே என்றால் ஐந்து பேருக்கு நாளைக்கு 80 யூரோ. உணவகத்தில் ஆளுக்கு இரண்டு, மூன்று யூரோ இருக்கைக் கட்டணம் பில்லில் வரும், ஏமாற்று இல்லை. லீடோ, ரயில், நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 300. ஆக மொத்தம் செஃபலூ வாரம் 1,700 யூரோ பக்கம் நிற்கும். விமானம், விசா, ரோமில் ஒரு இரவு, இரவு ரயில் தனி. பயணச்சீட்டை ரோம் வரை ஒன்று, பலெர்மோவிலிருந்து திரும்ப ஒன்று என்று பிரித்து எடுக்காமல், போக ரோம், வரப் பலெர்மோ என்று ஒரே பதிவாகக் கேட்டுப் பாருங்கள். அப்படி எடுத்தால் ஒரு விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு.

கடைசி இரவைச் செஃபலூவில் வைக்காதீர்கள். விமான நிலையம் பலெர்மோவுக்கும் மேற்கே 35 கிலோமீட்டர், செஃபலூவோ கிழக்கே. காலை விமானம் என்றால் இரண்டு ரயில் மாறி, பெட்டிகளோடும் அரைத் தூக்கப் பையனோடும் ஓட வேண்டியிருக்கும். மதியம் வரை கடலில் ஆடிவிட்டு, மாலை ரயிலில் பலெர்மோ வந்து நடுவண் நிலையத்துக்குப் பக்கத்தில் தங்குங்கள். விடியற்காலையில் அங்கிருந்தே நேரே விமான நிலையத்துக்கு ரயில் இருக்கிறது.